செத்த சுரங்கம்: கூலி கேட்டவர்களின் முன்கதை

1

கலகக்காரர்களின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் சிக்கல் ஒன்று உண்டு. கலகம் செய்தவர் தன் கதையை எழுதி வைத்துவிட்டுப் போவதில்லை. நம் கைக்குக் கிடைப்பதெல்லாம் அவரைப் பிடிக்கப் போனவர் எழுதிய அறிக்கை, விசாரித்தவர் எழுதிய குறிப்பு, தண்டித்தவர் எழுதிய தீர்ப்பு. 1983இல் ரணஜித் குஹா எழுதிய 'எதிர்க்கிளர்ச்சியின் உரைநடை' என்ற கட்டுரை இந்த எழுத்துகளை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கிறது. கலகத்தின் சூடு ஆறுமுன் அதிகாரிகள் எழுதியவை முதல் அடுக்கு. பிற்பாடு ஆற அமர நினைவுக்குறிப்பாகவும் வரலாறாகவும் எழுதப்பட்டவை இரண்டாவது. அதற்கும் வெகுகாலம் கழித்து, கலகக்காரர் மேல் அனுதாபத்தோடுகூட எழுதப்படுபவை மூன்றாவது. இந்த மூன்றாவது அடுக்கிலும் கலகக்காரரின் சொந்த மனம் காணாமல் போய்விடுகிறது என்பதுதான் குஹா நம்மிடம் சொல்லும் சங்கடமான செய்தி.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கலகம் எந்த நாட்டிலும் நடந்ததல்ல. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற கணினி விளையாட்டில் வரும் ஒரு நிலவறையின் முன்கதை அது. விளையாட்டுக்கெல்லாம் என்ன வரலாறு என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஒரு கற்பனைக் கலகத்தை எழுதும்போது, நடந்த உண்மை என்ற கட்டாயம் எழுதுகிறவருக்குக் கிடையாது. எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். அப்படி எழுத முடிந்தும் அவர் எப்படி எழுதினார் என்பதில்தான், கூலி கேட்பவரைப் பற்றி நம் காலத்துக்கு இருக்கும் பழக்கப்பட்ட கற்பனை வெளிப்படுகிறது. 2010 அக்டோபரில் இந்த விளையாட்டுக்கு 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருப்பதாக நிறுவனம் அறிவித்தது. இவ்வளவு பேர் நுழைந்து திரிந்த ஒரு கதையாடலை வாசிக்காமல் ஒதுக்க நியாயமில்லை.

விளையாடாதவர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பிளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பர் 23 அன்று இதை வெளியிட்டது. இணையம் வழியாக ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் ஒரே உலகத்துக்குள் நடமாடுவார்கள். ஊர்களில் நிற்கும் பாத்திரங்கள் ஆளுக்கொரு பணி கொடுப்பார்கள். இதைக் கொண்டு வா, இத்தனை பேரைக் கொல். முடித்தால் காசு, ஆயுதம், அனுபவம். நிலவறை என்பது ஐந்து பேர் சேர்ந்து இறங்க வேண்டிய இடம். காவலுக்கு நிற்பவர்களைக் கொன்று, நடுவில் வரும் சிறு தலைவர்களைக் கொன்று, கடைசியில் பெரிய தலைவரைக் கொன்று, கிடைத்ததைப் பங்கிட்டுக்கொண்டு வெளியே வர வேண்டும். மனிதர் தரப்பில் ஆடத் தொடங்கும் பலருக்கு முதல் நிலவறையாக அமைவது வெஸ்ட்ஃபால் என்ற விவசாயப் பகுதியின் மூன்புரூக் கிராமத்துக்கு அடியில் இருக்கும் 'டெட்மைன்ஸ்'. செத்த சுரங்கம். ஒருகாலத்தில் பொன் விளைந்து, போரில் கைவிடப்பட்ட சுரங்கம்.

2

அந்தச் சுரங்கத்துக்குள் இருப்பவர்கள் யார்?

மனிதர்களின் தலைநகரம் ஸ்டார்ம்விண்ட். ஓர்க் என்னும் படையெடுப்பாளர்களோடு நடந்த முதல் போரில் அது தரைமட்டமானது. இரண்டாம் போர் முடிந்த பிறகு நகரத்தைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. எட்வின் வான்கிளீஃப் என்பவர் தலைமையில் கல்தச்சர் சங்கம் அந்த வேலையை எடுத்தது. கோட்டை, கோபுரம், பாலம், கால்வாய் எல்லாம் எழும்பின. வேலை முடிந்ததும் கூலி கேட்டார்கள். நகரத்தை ஆண்ட பிரபுக்கள் அவை கொடுக்க மறுத்தது. வான்கிளீஃபுக்கு மட்டும் அரசாங்கத்தில் நிரந்தரப் பதவி தருவதாகப் பேசிப் பார்த்தார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். தொழிற்சங்க அனுபவம் உள்ள நம் வாசகர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. தலைவனைத் தனியாக விலைக்குக் கேட்பது எல்லா ஊரிலும் நடக்கிற சங்கதிதான்.

அப்புறம் கலவரம். அதில் பறந்த ஒரு கல் பட்டு அரசி டிஃபின் செத்துப்போனாள். கைக்குழந்தையான இளவரசன் தாயை இழந்தான். கல்தச்சர்கள் நகரத்தை விட்டு ஓடினார்கள். அடையாளத்துக்குச் சிவப்புத் துணியால் முகத்தை மறைத்துக்கொண்டு 'டெஃபியாஸ் சகோதரத்துவம்' என்ற பெயரில் வெஸ்ட்ஃபாலுக்குள் பதுங்கினார்கள். செத்த சுரங்கத்தைத் தோண்டி, உலைக்களம் அமைத்து, உள்ளே இருந்த கடற்குகையில் ஒரு போர்க்கப்பலையே கட்டிவைத்தார்கள். இதுதான் முன்கதை.

இந்தக் கதை எந்த இடத்தில் அவசரப்படுகிறது என்று கவனிக்க வேண்டும். கூலி மறுக்கப்பட்டதற்கும் அரசி தலையில் கல் விழுந்ததற்கும் நடுவில் எதுவுமே இல்லை. மனு இல்லை, பேச்சுவார்த்தை இல்லை, வேலை நிறுத்தம் இல்லை, உட்கார்ந்திருத்தல் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உண்மை வரலாறு கைவசம் இருக்கிறது. கி.மு. 12ஆம் நூற்றாண்டில், எகிப்தின் மூன்றாம் ராமேசஸ் மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளைச் செதுக்கிய தேர் எல்-மெதினா கிராமத்துக் கைவினைஞர்களுக்குக் கூலித் தானியம் வந்து சேரவில்லை. கருவிகளைப் போட்டுவிட்டு அவர்கள் கல்லறைப் பகுதியின் மதில்களைக் கடந்து போய், ஒரு கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப உட்கார்ந்தார்கள். நிலுவைத் தானியம் வந்தது, மறுபடி நின்றது, மறுபடி உட்கார்ந்தார்கள். இதையெல்லாம் அன்றைய எழுத்தர் ஒருவர் நாள்வாரியாகப் பதிந்த பாப்பிரஸ் சுருள் இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓர் அரசாங்க எழுத்தருக்கு, கல் வேலைக்காரர் உட்கார்ந்து கூலி கேட்பார் என்று எழுதத் தெரிந்திருக்கிறது. 21ஆம் நூற்றாண்டின் கற்பனைக்கு அது தோன்றவில்லை. கூலி கேட்டவர் நேரே கல்லெறிகிறார். எறிந்த கையோடு கொள்ளைக்காரர் ஆகிவிடுகிறார்.

3

விளையாடுகிறவருக்கு இந்த முன்கதை எந்த வழியாக வந்து சேருகிறது?

வெஸ்ட்ஃபாலில் அரசப் படை இல்லை. கிரையன் ஸ்டவுட்மாண்டில் என்பவர் 'மக்கள் படை' என்ற பெயரில் சிலரைத் திரட்டி வைத்திருக்கிறார். (பெயரைப் பாருங்கள்.) டெஃபியாஸ்காரர்களின் தலைவன் யார் என்று கண்டுபிடிக்க அவர் நம்மை ஊர் ஊராக அனுப்புகிறார். கடைசியில் ஸ்டார்ம்விண்டின் உளவுத்துறைத் தலைவர் மத்தியாஸ் ஷாவிடம் போகிறோம். அவர் கொடுக்கும் அறிக்கையை வாங்கி வந்து ஸ்டவுட்மாண்டிலிடம் கொடுக்கிறோம். கல்தச்சர் சங்கம், மறுக்கப்பட்ட கூலி எல்லாம் இந்த வழியில்தான் நம் காதுக்கு வருகின்றன. அதாவது நிலுவையைப் பற்றிய செய்தி ஓர் உளவுக் கோப்பின் பின்னணிக் குறிப்பாக வருகிறது. அந்தப் பணித்தொடரின் முடிவில் வரும் கட்டளை: வான்கிளீஃபின் தலையைக் கொண்டு வா.

குஹாவின் முதல் அடுக்கு இதைவிடத் தெளிவாக எங்கும் கிடைக்காது. கோப்பு பொய் சொல்லவில்லை. கூலி மறுக்கப்பட்டது என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த உண்மைக்குக் கோப்பில் இருக்கும் உபயோகம் ஒன்றே ஒன்று. எதிரி எதற்காகக் கோபமாக இருக்கிறான் என்று தெரிந்தால் அவனைப் பிடிப்பது சுலபம். காரணம் தெரிந்த பிறகும் தண்டனை மாறுவதில்லை. காரணமே தண்டனைக்கான தகவலாகிறது.

சுரங்கத்துக்குள் இறங்கும்போது வேறு பணிகளும் கையில் இருக்கும். செத்த டெஃபியாஸ்காரர்களின் சிவப்புப் பட்டுத் துணிகளை எண்ணிக் கொண்டுவரச் சொல்கிறது ஒன்று. இன்னொன்றை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். பழைய காலத்தில் சுரங்கத்துக்குள் செத்துப்போன தொழிலாளர்கள் நடமாடும் பிணங்களாக இன்னும் அங்கேயே திரிகிறார்கள். அவர்களை மறுபடி கொன்று, அவர்களிடமிருந்து நான்கு சுரங்கத் தொழிலாளர் சங்க அட்டைகளை எடுத்துவந்து தலைநகரத்தில் ஒருவரிடம் சேர்க்க வேண்டும். நினைவுகளைச் சேகரித்தல் என்பது அந்தப் பணியின் பெயர். சங்க அட்டை இங்கே பிணத்திலிருந்து எடுக்கும் நினைவுப் பொருள். உயிரோடு இருக்கிற ஒருவரிடம் அந்த அட்டை இருக்கலாம், அதை வைத்துக்கொண்டு அவர் ஏதாவது கேட்கலாம் என்பதற்கு இந்த உலகத்தில் இடமில்லை.

வான்கிளீஃபைக் கொன்றால் தலையோடு ஒரு கடிதமும் கிடைக்கும். அனுப்பப்படாத கடிதம். நகரத்தின் கட்டடக் கலைஞர் பாரோஸ் அலெக்ஸ்டனுக்கு எழுதியது. அவர் பழைய சங்கத் தோழர், நகரத்திலேயே தங்கிவிட்டவர். கலகக்காரர் தன் கையால் எழுதிய பிரதி என்று இந்தக் கதையில் நமக்குக் கிடைப்பது இதுதான். அதுவும் அவரைக் கொன்ற பிறகு. அந்தக் கடிதத்தை உரியவரிடம் கொடுத்தால் என்ன ஆகிறது? விசாரணை தொடர்கிறது. நகரச் சிறையில் கலகம் செய்துகொண்டிருக்கும் டெஃபியாஸ் கைதிகளிடம் நம்மை அனுப்புகிறார்கள். அந்தச் சிறையும் ஒரு நிலவறைதான். இத்தனை கைதிகளைக் கொல் என்று எண்ணிக்கை கொடுத்து அனுப்பும் நிலவறை.

நிலவறைக்குள் இறங்கும் ஒவ்வொரு குழுவுக்கும் கணினி அந்த இடத்தின் தனிப் பிரதி ஒன்றை உண்டாக்கித் தருகிறது. நீங்கள் கொன்ற வான்கிளீஃப் அடுத்த குழுவுக்கு உயிரோடு கப்பல் மேல் நிற்பார். 2019 ஆகஸ்டில் நிறுவனம் பழைய வடிவத்தை அப்படியே மறுபடி வெளியிட்டபோது அவர் மறுபடி வந்து நின்றார். இத்தனை தடவை கொல்லப்பட்ட மனிதருக்கு ஒரு தடவைகூடக் கூலி கொடுக்க முடியாது. கொண்டு வா, கொல், கொண்டு போய்ச் சேர் என்ற வினைகள் விளையாட்டின் இலக்கணத்தில் உண்டு. எவ்வளவு காசு சேர்த்தவராக இருந்தாலும் இந்தக் கடனைத் தீர்த்துவிட்டுத் திரும்பி வர ஒரு பணி கிடையாது.

4

இந்த இலக்கணம் 2004இல் தொடங்கியதல்ல. இதே நிறுவனம் 1994இல் வெளியிட்ட முதல் 'வார்கிராஃப்ட்' ஒரு போர் உத்தி விளையாட்டு. அதில் ஆடுகிறவர் மேலிருந்து பார்க்கும் தளபதி. மனிதர் தரப்பில் குடியானவர் என்று ஓர் உரு உண்டு. 400 பொன் செலவழித்தால் ஒரு குடியானவர் உருவாவார். பிறகு சாகும்வரை பொன் சுமப்பார், மரம் வெட்டுவார், வீடும் கோட்டையும் கட்டுவார். அவருக்குக் கூலி கிடையாது, பசி கிடையாது, ஓய்வு கிடையாது. சுரங்கத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் பொன் சுமந்து வந்தாலும் அதில் ஒரு காசு அவர் பக்கம் போகாது. சொல்லப்போனால் அந்த 400 பொன்னும் அவருக்குக் கொடுத்தது இல்லை. அவரை வாங்கிய விலை.

பத்து வருஷம் கழித்து அதே உலகத்துக்குள் ஆடுகிறவர் கீழே இறங்கி நடக்க ஆரம்பிக்கிறார். மேலிருந்து பார்த்தபோது தெரியாத கேள்வி இப்போது எழுகிறது: இவ்வளவு பெரிய நகரத்தை யார் கட்டினார்கள், அவர்களுக்கு யார் காசு கொடுத்தார்கள்? கதை எழுதியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. கூலி என்ற சொல்லே இல்லாத ஓர் உலகத்துக்குள் அந்தச் சொல்லை முதலில் உரக்கச் சொன்னவர்கள் கல்தச்சர்கள்தான். சொன்ன வாயை அடைக்க ஒரு நிலவறை தேவைப்பட்டது.

5

இரண்டாவது அடுக்குக்கு வருவோம். ஸ்டார்ம்விண்ட் அரசவையில் கட்ரானா பிரெஸ்டர் என்ற சீமாட்டி ஆலோசகராக இருக்கிறாள். உண்மையில் அவள் ஆனிக்ஸியா என்ற கருநாகம், மனித உருவில் மறைந்திருப்பவள். 2004 விளையாட்டிலேயே ஒரு நீண்ட பணித்தொடரின் முடிவில் இது அம்பலமாகிறது. பின்னால் வந்த சித்திரக்கதைகளும் இவ்வுலகின் வரலாறாக நிறுவனம் வெளியிட்ட நூல்களும் இதைக் கல்தச்சர் விவகாரத்தோடு முடிச்சுப் போட்டன. பிரபுக்களைத் தூண்டிக் கூலியை மறுக்க வைத்ததே அந்த நாகம்தான் என்று ஆகிவிட்டது.

இந்தத் திருத்தம் என்ன செய்கிறது? பிரபுக்கள் கூலி கொடுக்காததற்கு ஒரு மாயக் காரணம் வந்துவிட்டது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல, மயக்கப்பட்டவர்கள். கிளர்ச்சி நடந்தபோதெல்லாம் வெளியாள் தூண்டிவிட்டான் என்று எழுதிய அதிகாரிகளைக் குஹா காட்டினார். இங்கே அதே உத்தி தலைகீழாக, ஆளுகிறவர்களைக் காப்பாற்றப் பயன்படுகிறது. அங்கே குடியானவருக்கு மனம் கிடையாது, இங்கே பிரபுவுக்குப் பொறுப்பு கிடையாது. உழைப்பை வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் இருக்க ஒரு பிரபுவுக்கு நாகம் எதற்கு? கொடுக்காமல் இருப்பது அவருக்கு லாபம். இவ்வளவு எளிய விஷயத்தை மறைக்க எவ்வளவு பெரிய பிராணி வேண்டியிருக்கிறது பாருங்கள்.

நாகம் கொல்லப்பட்ட பிறகு என்ன ஆகிறது என்பதுதான் சோதனை. நாகம்தான் காரணம் என்றால், அது போனதும் பிரபுக்கள் நிலுவையைத் தீர்த்திருக்க வேண்டும். ஆட்டத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

6

நம் தரப்பிலிருந்து ஒரு தடுமாற்றத்தையும் பேசிவிட வேண்டும். வான்கிளீஃபை ஒரு வீரனாக்கிவிட நமக்குக் கை பரபரக்கும். எரிக் ஹாப்ஸ்பாம் 1959இலும் 1969இலும் எழுதிய நூல்களில் சமூகக் கொள்ளையர் என்று ஒரு வகையை வரையறுத்தார். அரசுக்குக் குற்றவாளி, தன் குடியானவ மக்களுக்கு வீரன். அவர் தன் மக்களின் விளைச்சலில் கை வைக்க மாட்டார், மக்கள் அவரைக் காட்டிக் கொடுக்க மாட்டார்கள். டெஃபியாஸ்காரர்கள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. அவர்கள் வெஸ்ட்ஃபாலின் ஏழை விவசாயிகளை விரட்டியடிக்கிறார்கள். வெஸ்ட்ஃபாலின் எல்லையில் உடைந்த வண்டியோடு உட்கார்ந்திருக்கும் ஃபர்ல்புரோ தம்பதி நிலத்தைப் பறிகொடுத்தவர்கள். சுரங்கத்துக்குள்ளே பார்த்தாலும் டெஃபியாஸ் சுரங்கத் தொழிலாளி ஒருவர் தோண்ட, டெஃபியாஸ் மேற்பார்வையாளர் ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். மேஸ்திரி இல்லாத ஓர் இடத்தைக் கலகக்காரர்களுக்குக்கூட இந்தக் கற்பனை கொடுக்கவில்லை.

இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். அநீதிக்கு ஆளானவர் தனக்குக் கீழே இருப்பவர்மேல் அதைத் திருப்புவது உண்மையிலும் நடக்கிறது, அதைக் கதை நேர்மையாகச் சொல்கிறது எனலாம். அல்லது கல்தச்சர்களைக் கொல்வது ஆடுகிறவருக்கு உறுத்தாமல் இருக்க வேண்டும், அதற்காகத்தான் விவசாயிகள் பலியாக்கப்பட்டார்கள் எனலாம். எனக்கு இரண்டாவதுதான் வலுவாகத் தோன்றுகிறது. ஏனென்றால் கல்தச்சரும் விவசாயியும் ஒரே நகரத்தால் கைவிடப்பட்டவர்கள். ஒருவருக்குக் கூலி இல்லை, இன்னொருவருக்குக் காவல் இல்லை. இந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசும் காட்சி ஒன்றுகூட 2004 வடிவத்தில் எழுதப்படவில்லை. அவர்களுக்கு நடுவில் நாம் ஆயுதத்தோடு நிற்கிறோம்.

7

மூன்றாவது அடுக்கு, அனுதாபத்தின் அடுக்கு, 2010 டிசம்பர் 7 அன்று 'கேட்டகிளிஸம்' என்ற தொடர்ச்சியோடு வந்தது. வெஸ்ட்ஃபால் முழுக்க வீடற்றவர்கள். 2008இன் நிதி நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கத் தெருக்களைப் பார்த்தவர்களின் கை அதில் தெரிகிறது என்பது என் ஊகம். ஃபர்ல்புரோ தம்பதி கொலையுண்டு கிடக்கிறார்கள். துப்பறிந்துகொண்டே போனால், ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த ஹோப் என்ற இளம்பெண்தான் வான்கிளீஃபின் மகள் வனெஸ்ஸா என்றும், கொலைக்கும் அவளே பொறுப்பு என்றும் தெரியவருகிறது.

இந்த வடிவத்தில் ஒரு துணிச்சலான இடம் உண்டு. கடந்தகாலக் காட்சி ஒன்றைக் காட்டுகிறார்கள். பழைய நிலவறை. ஐந்து வீரர்கள் வான்கிளீஃபைக் கொல்கிறார்கள். அவர்கள் போன பிறகு ஒரு சின்னப் பெண் அப்பாவின் உடலருகே வருகிறாள். ஆறு வருஷமாகக் கொன்று விளையாடியவர்களுக்கு முன்னால் அவர்கள் செய்ததையே வைத்துக் காட்டுவது சாதாரண விஷயமல்ல.

ஆனால் இந்த அனுதாபத்தின் விலையைப் பார்க்க வேண்டும். சங்கத்தின் கோரிக்கை ஒரு மகளின் பழிவாங்கலாகச் சுருங்கிவிட்டது. எத்தனையோ கல்தச்சர்களுக்குச் சேர வேண்டியிருந்த பணம் ஒரு குடும்பத்தின் துக்கமாகிவிட்டது. துக்கத்துக்கு ஆறுதல் சொல்லலாம், பழிக்குப் பழி வாங்கலாம். நிலுவைக்குக் கணக்குத்தான் தீர்க்க வேண்டும். நிலவறையின் கடினமான வடிவத்தில் வனெஸ்ஸா தன்னைத்தானே வெடிவைத்துக்கொள்கிறாள். 2016இல் வந்த 'லீஜன்' தொடர்ச்சியில் உயிரோடு திரும்பி, வீரர்களின் கூட்டாளியாகிறாள். மகள் மன்னிக்கப்பட்டுவிட்டாள். கூலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

8

திரைக்கு வெளியே வருவோம். இந்த உலகத்தின் பொன்னை நிஜமாகவே கூலிக்குத் தோண்டியவர்களும் உண்டு. 2007இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஜூலியன் டிபெல் எழுதிய கட்டுரை சீனாவின் நான்ஜிங் நகரத்தில் ஓர் அறையைக் காட்டியது. இளைஞர்கள் இரவுக்குப் பன்னிரண்டு மணிநேரம் இதே விளையாட்டில் திரும்பத் திரும்பக் கொன்று பொன் சேர்த்தார்கள். அங்கே பேட்டி கொடுத்த தொழிலாளிக்கு 100 பொன்னுக்குச் சுமார் ஒன்றேகால் டாலர் கிடைத்தது. கணக்குப் போட்டால் மணிக்கு 30 சென்ட். அதே 100 பொன் வசதியான நாட்டு ஆட்டக்காரரிடம் போய்ச் சேரும்போது விலை 20 டாலர்வரை ஏறியது. சக ஆட்டக்காரர்களின் ஆத்திரம் பலசமயம் முதலாளிமேல் திரும்பவில்லை, இந்தத் தொழிலாளர்கள்மேல் திரும்பியது. களத்தில் கண்டால் வேட்டையாடிக் கொன்றார்கள். வான்கிளீஃபின் கதையில் பழகிய கை அல்லவா.

அந்த நகரத்தை உண்மையில் கட்டியவர்கள் வேறு சிலர். கோட்டையை வரைந்தவர்கள், பணிகளை எழுதியவர்கள், பிழை தேடிச் சோதித்தவர்கள். 2021 ஜூலையில் கலிஃபோர்னியா மாநில அரசு, பெண் ஊழியர்களுக்கு ஊதியத்திலும் நடத்தப்படும் விதத்திலும் பாகுபாடு என்று தாய் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடர்ந்தது. நிறுவனம் மறுத்தது. ஜூலை 28 அன்று ஊழியர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். வழக்கு 2023 டிசம்பரில் சமரசத்தில் முடிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் மைக்ரோசாஃப்ட் மொத்த நிறுவனத்தையும் வாங்கியிருந்தது. 2024 ஜனவரியில் அதன் விளையாட்டுப் பிரிவில் 1900 வேலைகள் போயின.

2024 ஜூலையில், இந்த விளையாட்டை உருவாக்கும் ஊழியர்கள் 500 பேருக்கு மேல் அமெரிக்கத் தகவல்தொடர்புத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேம்மேக்கர்ஸ் கில்ட்' என்று பெயர் வைத்தார்கள். கில்ட் என்பது ஆட்டத்துக்குள் ஆட்டக்காரர் குழுவுக்கு வழங்கும் பெயர். கல்தச்சர் சங்கத்தின் ஆங்கிலப் பெயரிலும் இருப்பது அதே சொல்தான்.

தங்கள் உலகத்தின் முதல் சங்கத்தை நிலவறைக்குள் இறக்கிய கதை அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவர்கள் யாரும் கல் எறியவில்லை, முகமூடி கட்டவில்லை. கையெழுத்துப் போட்டார்கள், எண்ணிப் பார்த்தார்கள், அறிவித்தார்கள். வான்கிளீஃபின் கதையில் எழுதாமல் விடப்பட்ட நடுப்பகுதி இதுதான். மனு, கூட்டம், எண்ணிக்கை, பேச்சுவார்த்தை. கதைக்கு இதெல்லாம் சுவாரசியம் இல்லை என்று சொல்வார்கள். மூன்றாம் ராமேசஸின் எழுத்தர் அப்படி நினைக்கவில்லை. அடுத்த முறை இந்த உலகத்தில் ஒரு கூலி நிலுவையின் கதை எழுதப்படும்போது, எழுதுகிறவரின் பையிலும் ஒரு சங்க அட்டை இருக்கும். அப்போதாவது ஆட்டக்காரருக்குக் கூலியைக் கொண்டு போய்ச் சேர்க்கும் பணி ஒன்று கிடைக்கிறதா என்று பார்ப்போம்.